காலம் வைரஸைச் சாதுவாக்குவதில்லை

"வந்த புதிதில் எந்த வைரஸும் ஆடத்தான் செய்யும், போகப் போக வீரியம் குறைந்துவிடும்." புதிய தொற்று ஒன்றின் பெயர் செய்திகளில் அடிபடத் தொடங்கியதுமே இந்த ஆறுதலும் கூடவே கிளம்பிவிடுகிறது. டீக்கடையில் சொல்கிறார்கள், படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் மருத்துவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறோம். நோய் மனிதர்களைத் தாக்கும்போதாவது இதைச் சொல்பவர் குரலில் கொஞ்சம் தயக்கம் இருக்கும். காட்டு விலங்குகள் செத்து விழும்போது அதுவும் போய்விடுகிறது. இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், நாம் சும்மா இருந்தால் போதும் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு என்று காட்டவே இதை எழுதுகிறேன். ஆறுதல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. கொள்ளைநோயின் தொடக்கத்தில், எதையாவது செய்தால் பலன் கிடைக்கக்கூடிய அந்தக் குறுகிய காலத்தில், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்வது இந்தக் கருத்துதான். காத்திருப்பதற்கான விலையைக் கொடுப்பவை உயிர்கள்.

முதலில் அதன் தரப்பை அதற்குரிய மரியாதையோடு எடுத்து வைக்கிறேன். வைரஸால் தனித்து வாழ முடியாது. உயிருள்ள உடல் ஒன்று அதற்கு வேண்டும். அந்த உடலைக் கொன்றுவிட்டால் அடுத்த உடலுக்குத் தாவும் வாய்ப்பும் போய்விடும். குடியிருக்கும் வீட்டைக் கொளுத்துகிறவன் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆகவே கொல்லும் வகைகள் அழியும், தங்கியிருக்கும் உயிரோடு அனுசரித்துப் போகும் வகைகள் நிலைக்கும், தலைமுறைகள் செல்லச் செல்ல நோய் தேய்ந்துபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தியோபால்ட் ஸ்மித்தின் சிந்தனையை ஒட்டி வளர்ந்த இந்தக் கருத்து, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறிஞர்களாலேயே ஏற்கப்பட்டிருந்தது. அதற்குக் கண்கண்ட சாட்சி ஒன்றும் கிடைத்தது: ஆஸ்திரேலியாவின் முயல்கள். இன்றும் இந்தக் கருத்தைச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்டால் கடைசியில் அந்த முயல்களிடம்தான் கொண்டுபோய் நிறுத்துவார். எனவே அந்தச் சாட்சியையே முழுமையாக விசாரிப்போம்.

1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை விக்டோரியாவிலுள்ள தன் பார்வன் பார்க் பண்ணைக்கு வரவழைத்தார். அவற்றின் சந்ததி அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேலி கட்டியும் தடுக்க முடியவில்லை. கடைசியில் 1950இல் மர்ரி ஆற்றுப் படுகையில் மிக்ஸோமா வைரஸைத் தொற்ற வைத்த முயல்களைத் திறந்துவிட்டார்கள். தென் அமெரிக்கக் காட்டுமுயல் ஒன்றின் தோலில் சிறு கட்டியை மட்டும் உண்டாக்கும் வைரஸ் அது. ஐரோப்பிய முயலின் உடலுக்குள் அதுவே கொலைகாரனாக மாறும் என்பது 1896இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் சனரெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளரின் கூண்டு முயல்கள் மடிந்தபோதே தெரிந்திருந்தது. கொசுக்கள் பெருகிய அந்தக் கோடையில் நோய் ஆற்றோரமாகவே ஓடியது. இமைகள் வீங்கி மூடி, முகமெல்லாம் கட்டிகளோடு, கண் தெரியாமல் முயல்கள் செத்தன. தொற்றியவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் மடிந்தன.

பிராங்க் ஃபென்னர் என்ற வைரஸ் ஆய்வாளர் செய்த காரியம் இங்கே முக்கியம். ஆண்டுதோறும் வயல்வெளியிலிருந்து வைரஸ் மாதிரிகளைச் சேகரித்து, அந்த நோயை ஒருபோதும் கண்டிராத ஆய்வக முயல்களுக்குச் செலுத்தினார். எத்தனை சாகின்றன, எத்தனை நாளில் சாகின்றன என்று பார்த்து ஐந்து தரங்களாகப் பிரித்தார். முதல் தரம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் 13 நாளுக்குள் கொல்லும். ஐந்தாம் தரத்தில் பாதிக்கு மேல் பிழைத்துவிடும். 1950இல் வெளியே விடப்பட்டது முதல் தரம். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வயல்வெளியில் அது அரிதாகிவிட்டது. சேகரித்த மாதிரிகளில் பாதிக்கு மேல் மூன்றாம் தரமாக இருந்தன. ஐரோப்பாவிலும் இதே போக்கு தெரிந்தது. 1952இல் அர்மான்-தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் பாரிஸுக்கு மேற்கே மயெபுவா என்ற ஊரில் இருந்த தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க இரண்டே முயல்களுக்கு இந்த வைரஸைச் செலுத்தி விட்டார். 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டுமுயல்களில் பத்தில் ஒன்பது இறந்துவிட்டன. அங்கேயும் பிறகு நடுத்தர வகைகளே மேலோங்கின.

பார்த்தீர்களா, வைரஸ் சாதுவாகிவிட்டது என்று சொல்லி இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார்கள். கதை இங்கே நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அவர்கள் சொல்வதை அது நிரூபித்திருக்காது.

ஃபென்னரின் மூன்றாம் தரம் எவ்வளவு முயல்களைக் கொல்லும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? 70 முதல் 95 சதவீதம் வரை. இதற்குத்தான் 'சாது' என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தில் ஏழையோ ஒன்பதையோ கொல்லும் நோய் எந்த ஊருக்கு வந்தாலும் அதைப் பேரழிவு என்றுதான் சொல்வோம். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் இதே எண்களில் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் தர வகைகளும் வயல்வெளியில் தோன்றியிருந்தன. சாதுவானதே வெல்லும் என்ற விதி உண்மையானால் அவைதான் முயல்களிடையே முற்றாகப் பரவியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. வைரஸ் நடுவழியில் நின்றுகொண்டது.

அது ஏன் அங்கே நின்றது என்பதை 1982இல் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே என்ற இருவர் ஒரு கணிதச் சமன்பாட்டைக் கொண்டு விளக்கினார்கள். நோயுற்ற ஒரு முயல், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில், மொத்தம் எத்தனை முயல்களுக்கு நோயைக் கடத்தும்? இயற்கைத் தேர்வு பார்க்கும் மதிப்பெண் இந்த எண்தான். அது இரண்டு அளவுகளின் பெருக்கல்: ஒரு நாளில் எத்தனை முயல்களுக்குக் கடத்துகிறது என்பது ஒன்று, எத்தனை நாட்கள் கடத்துகிறது என்பது மற்றது. அந்த நாட்கள் மூன்று வழிகளில் முடிவுக்கு வரலாம். முயல் நோயால் சாகலாம், நரியிடமோ பசியாலோ சாகலாம், அல்லது குணமாகலாம். மூன்றாவது வழியை வெகுசன நம்பிக்கை மறந்துவிடுகிறது. வைரஸைப் பொறுத்தவரை அது தங்கியிருக்கும் ஓம்புயிர் சாவதும் ஒன்றுதான், குணமாவதும் ஒன்றுதான். இரண்டிலும் அதன் பரவல் முடிந்துவிடுகிறது.

எளிமைக்காக நானே எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கொடிய வகை ஒன்று நாளுக்கு இரண்டு முயல்களுக்குப் பரவி, பத்தாம் நாள் தன் முயலைக் கொல்கிறது: மொத்தம் 20. நடுத்தர வகை நாளுக்கு ஒன்றரை வீதம் 20 நாட்கள் பரவுகிறது: மொத்தம் 30. மிக மென்மையான வகை இரண்டு நாளைக்கு ஒன்று வீதம் பரவி, 12 நாளில் முயல் குணமடைந்துவிடுகிறது: மொத்தம் 6. வெல்வது நடுத்தர வகை. மிக்ஸோமாவில் நடந்தது ஏறத்தாழ இதுதான். இந்த வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதில்லை; முயலின் தோலில் உள்ள கட்டியைக் கொசு குத்தும்போது அதன் வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த முயலுக்குப் போகிறது. கட்டியில் வைரஸ் செறிவாக இருந்தால்தான் ஒட்டும். மென்மையான வகைகள் அந்தச் செறிவை எட்டாமலோ, எட்டிய சில நாளில் உடலால் ஒழிக்கப்பட்டோ தோற்றன. முதல் தர வகைகள், கொசு குறைந்த குளிர்காலத்தில் அடுத்த கடி கிடைக்கும் முன்பே முயலைக் கொன்றுவிட்டுத் தோற்றன. மூன்றாம் தரம் மூன்று நான்கு வாரங்கள் வரை முயலை உயிரோடும் நோயோடும் வைத்திருந்தது. அந்த முயல் பிழைக்கவில்லை. சாவதற்குக் கூடுதலாகச் சில நாட்கள் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. அந்த நாட்களால் லாபம் அடைந்தது வைரஸ்.

கொல்லும் திறனுக்கும் பரவும் திறனுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் இந்தச் சமன்பாடு 'சாதுவே வெல்லும்' என்று விடை தரும். நம்மிடையே உலவும் ஆறுதல் முழுக்க இந்த ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. சமன்பாடு சொல்லும் இன்னொன்றும் இருக்கிறது. நோய் புதிதாக ஒரு கூட்டத்துக்குள் நுழைந்து, தொற்றுவதற்கு உயிர்கள் ஏராளமாக இருக்கும் காலத்தில், வேகமாகப் பெருகும் வகைக்கே முதலில் மேலாதிக்கம் கிடைக்கும். நிதானம் லாபம் தருவது பின்னால்தான். ஆகவே தொடக்கக் காலத்தில் காத்திருக்கச் சொல்வது, மிக மோசமான நேரத்தில் சொல்லப்படும் மிக மோசமான அறிவுரை.

அடுத்ததாக, முயல்கள் சாவது குறைந்ததற்கு யார் காரணம் என்று பார்க்க வேண்டும். வயல்வெளியில் நின்று பார்ப்பவருக்கு முன்பைவிடக் குறைவாகச் சாகின்றன என்பது மட்டும்தான் தெரியும். வைரஸ் மாறியிருக்கலாம், முயல் மாறியிருக்கலாம், முந்தைய தொற்றில் பிழைத்தவை எதிர்ப்பாற்றலோடு இருக்கலாம். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஃபென்னரும் அவரது கூட்டாளிகளும் இதைப் பிரித்துப் பார்க்க நியூ சவுத் வேல்ஸில் உள்ள யுரானா ஏரிப் பகுதியிலிருந்து காட்டுமுயல் குட்டிகளை ஆண்டுதோறும் பிடித்து வந்து, மாறாத ஒரே வைரஸ் வகையை அவற்றுக்குச் செலுத்தினார்கள். தொடக்கத்தில் சுமார் 90 சதவீதம் இறந்தன. சில ஆண்டுகளில், கொள்ளைநோய் அலைகள் பல கடந்த பிறகு, அதே வைரஸால் இறந்தவை 26 சதவீதம். வைரஸ் துளியும் மாறாத சோதனையில் இந்தச் சரிவு வந்தது என்றால் மாறியது முயல்தான். மாறியது எப்படி? தாங்க முடியாதவை எல்லாம் செத்துப்போயின. தாங்கியவை மட்டும் குட்டி போட்டன. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, கொள்ளைநோய்க்கு முன் வாழ்ந்த அருங்காட்சியக முயல்களின் மரபணுக்களையும் இன்றைய முயல்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு இதை உறுதிசெய்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் என மூன்று நாடுகளிலும் நோயெதிர்ப்பு சார்ந்த மரபணுக்களில் ஒரே மாதிரியான மாற்றங்கள் மேலோங்கியிருந்தன. வைரஸின் கருணை என்று நாம் பெயரிட்டது, கோடிக்கணக்கான முயல்களின் சாவு செதுக்கித் தந்த எதிர்ப்பாற்றல்.

முயல் இப்படித் தேறிக்கொண்டிருந்தபோது வைரஸ் என்ன செய்தது? பாடப்புத்தகக் கதை விட்டுவிடும் அத்தியாயம் இது. முயலின் எதிர்ப்பாற்றல் கூடினால் அது விரைவில் குணமாகும். குணமானால் பரவல் நாட்கள் குறையும். அப்போது அந்த எதிர்ப்பை உடைக்கும் கொடிய வகைகளுக்கே லாபம். சமன்பாட்டிலிருந்து நேராக வரும் முடிவு இது. 1990களில் ஆஸ்திரேலிய வயல்வெளியில் சேகரித்த மாதிரிகளை ஆய்வக முயல்களில் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவுகள் இதைக் கண்முன் காட்டின. பல வகைகள் முற்றிலும் புதிய விதமாகக் கொன்றன. பழைய கட்டிகள் பெரிதாக வராமலேயே, முயலின் நோயெதிர்ப்பு அமைப்பை அடியோடு முடக்கி, ரத்தத்தில் பாக்டீரியாக்கள் பெருகி, உடல் அதிர்ச்சிக்குள்ளாகி முயல்கள் சரிந்தன. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் வைரஸ் முன்பு இல்லாத ஓர் ஆயுதத்தைக் கையில் எடுத்திருந்தது. காட்டுமுயல்கள் தாக்குப்பிடித்தன என்றால், அவையும் அதற்கேற்ப மாறியிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதி போலத் தெரிந்தது, உள்ளே இரு தரப்பும் விடாமல் நடத்திய போர்.

மரபணு வரிசைகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. பீட்டர் கெர், எட்வர்ட் ஹோம்ஸ், ஆண்ட்ரூ ரீட் ஆகியோரைக் கொண்ட குழு, 1950 முதல் சேகரித்துப் பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதியையும் 2012இல் படித்து, எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைமரமாக வரைந்து பார்த்தது. சாதுவாவதற்கென்று ஒரு பாதை இருந்தால் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வைரஸ் அதே மரபுப்பிறழ்வுகளின் வழியே இறங்கியிருக்க வேண்டும். அப்படிப் பொதுவான பாதை கிடைக்கவில்லை. ஒவ்வொரு கிளையும் தன்போக்கில் வெவ்வேறு மாற்றங்களைச் சேர்த்திருந்தது. வீரியத்தைக் குறைத்த பிறழ்வை இன்னொரு பிறழ்வு ஈடுகட்டிவிடவும் வழி இருந்தது. சாதுவாகும் திசையில் மட்டும் ஓடும் ஒருவழிச் சாலை எதுவும் அந்தக் கிளைமரத்தில் இல்லை.

மிக்ஸோமா ஒரு விதிவிலக்கு என்று யாராவது சொல்லலாம். அப்படியானால் அதே முயல்களைத் தாக்கிய அடுத்த வைரஸைப் பார்ப்போம். முயல் ரத்தக்கசிவு நோய் 1984இல் சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியர்கள் அதை வார்டாங் தீவில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 1995இல் அது கடலைத் தாண்டி நிலப்பகுதிக்குத் தப்பியது. வறண்ட பகுதிகளில் முயல்களை வாரிக்கொண்டு போனது. இந்த வைரஸ் இரண்டு மூன்று நாட்களில் கொன்றுவிடும். பழைய நம்பிக்கையின்படி இவ்வளவு அவசரமாகக் கொல்லும் ஒன்று சீக்கிரமே அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. செத்த முயலின் உடலில் வைரஸ் நிறைந்திருக்கிறது. பிணத்தில் மொய்க்கும் ஈக்கள் அதை எடுத்துச் செல்கின்றன. இங்கே சாவே பரவலுக்கு வழி திறக்கிறது. முயல்களில் எதிர்ப்பாற்றல் கூடக்கூட, வயல்வெளி வைரஸின் கொல்லும் திறனும் கூடியிருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். 2010இல் பிரான்சில் தோன்றிய இந்நோயின் இரண்டாம் வகையோ இந்தக் கருத்தைத் தலைகீழாகவே புரட்டிப்போடுகிறது. தொடக்கச் சோதனைகளில் அது கொன்றது சுமார் 20 முதல் 30 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து இத்தாலியில் கிடைத்த வகைகள் 80 சதவீதம் வரை கொன்றன. சாதுவாக வந்தது, காலம் போகப் போகக் கொடியதாயிற்று.

இன்னும் நீண்ட கால அளவு வேண்டுமா? கோழிகளைத் தாக்கும் மேரெக் நோய் வைரஸைப் பாருங்கள். 1907இல் ஹங்கேரியின் யோசெப் மேரெக் அதை விவரித்தபோது அது கால்களை முடக்கும் நோயாகத்தான் இருந்தது. இன்று தடுப்பூசி இல்லாத கூட்டத்தைப் புற்றுக்கட்டிகளால் அழித்துவிடக்கூடியது. நாமக்கல் பண்ணைகளுக்குப் போகும் குஞ்சுக்குப் பொரித்த அன்றே ஊசி போடுவது இதற்காகத்தான். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரம் ஆண்டு வரை பழமையான கோழி எலும்புகளிலிருந்து இந்த வைரஸின் மரபணுவை மீட்டது. கட்டியை உண்டாக்கும் முக்கிய மரபணு அந்தப் பழைய வைரஸ்களில் அந்த வேலையைச் செய்யும் நிலையில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளில் இந்த வைரஸ் சென்ற திசை மென்மையிலிருந்து கொடுமைக்கு.

வெக்கை நோயை நம் ஊர் மாடு வளர்ப்பவர்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல நூற்றாண்டுகள் மாடுகளோடு வாழ்ந்த வைரஸ் அது. பழகியதால் சாதுவாகியிருக்க வேண்டும். 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது, அந்நோயைக் கண்டிராத மாட்டுக் கூட்டங்களில் பத்தில் எட்டு ஒன்பதைக் கொன்றது. எருமைகளையும் வில்டபீஸ்ட் என்ற மான்போன்ற காட்டு விலங்குகளையும் வாரிச் சுருட்டியது. அதன் பிறகு எழுபது ஆண்டுகள் அங்கே இருந்தும் அது அடங்கவில்லை. செரங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகே வில்டபீஸ்ட்கள் மீண்டன: 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்தவை 1970களின் இறுதிக்குள் 13 லட்சமாயின. காட்டு விலங்குக்கு ஒரு ஊசியும் போடாமலேயே, நோயின் ஊற்று மாடுகள்தான் என்று கண்டு அங்கே அடைத்ததால் வந்த பலன் இது. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது மனித உழைப்பு. இயற்கையின் சமரசத்துக்காகக் காத்திருந்தால் அது இன்றும் கொன்றுகொண்டிருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

'வௌவாலுக்குள் நிபா சாதுவாகத்தானே இருக்கிறது? தென் அமெரிக்க முயலுக்குள் மிக்ஸோமாவும் அப்படித்தானே?' உண்மை. ஆனால் அந்த உறவு உருவாகும் வழியில் எத்தனை கூட்டங்கள் அழிந்தன என்பதை இன்று நம்மால் எண்ண முடியாது. அழிந்தவை கண்ணில் படுவதில்லை. பிழைத்த உறவுகள் மட்டுமே படுகின்றன. பிழைத்தவற்றை மட்டும் எண்ணி விதி வகுப்பது எந்தத் துறையிலும் பிழையான கணக்கு. பழக்கம் கட்டாயம் சாதுவாக்கும் என்றால், வெறிநாய்க்கடி வைரஸ் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாய்களோடு இருந்தும் இன்றுவரை ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏன் கொல்கிறது? அது கடியின் வழியே பரவுகிறது. மூளையைத் தாக்கி வெறியூட்டினால்தான் கடி நிகழும். நாயைக் கொல்லும் அதே தாக்குதல்தான் அதைப் பரப்புகிறது. அந்தத் தொடர்பு அறாதவரை எத்தனை ஆயிரம் ஆண்டு போனாலும் அது சாதுவாகாது.

'கொரோனா? ஒமிக்ரான் சாதுவாக வரவில்லையா?' எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி இது. வரிசையை நினைவுபடுத்திக்கொள்வோம். முதலில் வந்த வகையைவிட ஆல்ஃபா கடுமையானது. ஆல்ஃபாவைவிட டெல்டா கடுமையானது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு அலைந்தவர்களிடம் வைரஸ் சாதுவாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல யாருக்கும் மனம் வந்திருக்காது. ஒமிக்ரான் டெல்டாவின் வாரிசும் அல்ல. கிளைமரத்தில் அது நெடுநாள் முன்பே பிரிந்த தனிக்கிளை. அது வந்தபோது பெரும்பாலானோர் உடலில் தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ எதிர்ப்பாற்றல் இருந்தது. ஊசி போடாத முதியவர்கள் அதிகம் இருந்த ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் அதே ஒமிக்ரான் கொத்துக்கொத்தாகக் கொன்றது. யுரானா ஏரி முயல்களிடம் படித்த பாடம்தான் இது: சாவு குறைந்தால், மாறியது யார் என்று முதலில் கேட்க வேண்டும். அதோடு, இந்த வைரஸ் பெரும்பாலும் தொற்றிய முதல் சில நாட்களில் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. மூன்றாம் வாரத்தில் ஒருவர் இறப்பதால் அதற்கு நஷ்டமே இல்லை. நஷ்டமில்லாத இடத்தில் சாதுவாக வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

காத்திருப்பதன் விலை நோயுற்ற இனத்தோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் முயலையே நம்பி வாழும் ஐபீரிய லிங்ஸ் என்ற காட்டுப்பூனை, வாழிட இழப்போடு இந்த இரண்டு முயல் நோய்களும் சேர்ந்துகொண்டதால் 2002 வாக்கில் நூறுக்கும் குறைவாகச் சுருங்கியது. மிக்ஸோமாவோ ஐரோப்பாவில் 65 ஆண்டுகள் ஓடியும் ஓயவில்லை. 2018இல் வேறொரு வைரஸிலிருந்து மரபணுத் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்ட புதிய வகை, அதுவரை பெரிதாகப் பாதிக்கப்படாத, வேறு பேரினத்தைச் சேர்ந்த ஐபீரியக் காட்டுமுயலுக்குத் தாவிக் கொல்லத் தொடங்கியது. நம் ஊர்ப் புதர்க்காடுகளில் ஓடும் முயலும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். 1996இல் சீனத்து வாத்துகளில் கண்ட பறவைக் காய்ச்சல் வகையின் வழித்தோன்றல்கள் 2023இல் அர்ஜென்டினாவின் வால்தேஸ் தீபகற்பத்தில் 17,000க்கு மேற்பட்ட யானைச் சீல் குட்டிகளைக் கொன்றன. இருபத்தேழு ஆண்டு அவகாசம் அதைச் சாதுவாக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் எல்லா வைரஸும் கொடியதாகிக்கொண்டே போகும் என்ற எதிர்விதியை நான் முன்வைக்கவில்லை. சில மென்மையாகும், சில கொடியதாகும், சில நடுவில் நிற்கும், சில இரண்டு திசைகளிலும் மாறி மாறிப் போகும். எது எப்படிப் போகும் என்பது அது பரவும் வழி, எத்தனை நாள் பரவுகிறது என்பது, ஓம்புயிரின் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றைப் பொறுத்தது. இவை அளக்கக்கூடியவை. அளப்பதற்குச் செலவும் பொறுமையும் வேண்டும். ஃபென்னரின் காலத்து மாதிரிகளைப் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் அறுபது ஆண்டு கழித்து அந்தக் கிளைமரத்தை யாராலும் வரைந்திருக்க முடியாது.

ஆகவே நம்மிடம் நான் கேட்பது இது. 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் இருபதுக்கு மேல் இறந்தபோது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸும் அங்கே கண்டறியப்பட்டது. அதே வைரஸ் 1994இல் செரங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. இப்படி ஒரு சாவு அடுத்து எந்தக் காட்டில் நேர்ந்தாலும், உடலை எரிக்கும் முன் எடுக்கும் மாதிரியின் மரபணுவை உடனே படிக்க வேண்டும். அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்காக உறைநிலையில் காக்க வேண்டும். நோய் எந்த விலங்கிலிருந்து எந்த வழியாக வந்தது என்பதைக் கிளைமரம் காட்டும். எங்கே அடைத்தால் நிற்கும் என்பதைக் கணிதம் காட்டும். அந்த இடத்தில், அது கிராமத்து நாயாக இருந்தாலும் மேய்ச்சல் மாடாக இருந்தாலும், தடுப்பூசியோடு போய் நிற்க வேண்டும். இதற்கான ஆய்வகங்களும் கால்நடை மருத்துவர்களும் கணிதம் தெரிந்த இளைஞர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது அரசின் வேலை.

வீரியம் குறைந்துவிடும் என்று அடுத்த முறை யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது எப்படிப் பரவுகிறது? சாவால் அதற்கு என்ன நஷ்டம்? குறைந்தது வைரஸின் வீரியமா, சாகக்கூடியவர்களின் எண்ணிக்கையா? மூன்றுக்கும் அளந்து பதில் சொல்ல முடிந்தவரின் பேச்சைக் கேட்கலாம். முடியாதவர் தருவது வெறும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து எந்த உயிரையும் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.